பரம்புப் பலகையும் பனிப் பலகையும்

உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு வழியாக மலையேறினால் மறையூரை அடைகிறோம். கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்த ஊராயினும் அங்கே காதில் விழுவது பெரும்பாலும் தமிழே. சந்தனத்துக்கும் வெல்லத்துக்கும் பெயர் பெற்ற அப்பள்ளத்தாக்கில் இன்று கரும்பு நிற்கும் வயல்கள் பல, முன்னாளில் நெல் விளைந்தவை. நெல்வயல் இருந்த இடத்தில் பரம்புப் பலகையும் இருந்தது.

உழுத சேற்றைச் சமன்படுத்த இரு மாடுகள் அப்பலகையை இழுக்கும். பாரத்துக்காக உழவர் அதன்மேல் ஏறி நிற்பார். நிற்பது எளிதன்று. முன்னே சாய்ந்தால் பலகையின் விளிம்பு சேற்றில் புதைந்து ஆளைக் கவிழ்த்துவிடும். பின்னே மிகச் சாய்ந்தால் பலகை காலை விட்டு நழுவும். முழங்காலைத் தளர்த்தி, இடுப்பைத் தாழ்த்தி, பார்வையைப் பாதத்தில் அன்றி வரப்பின்மேல் நிறுத்தவேண்டும். சிறுவர்கள் முதலில் பலகைமேல் பாரமாக உட்கார்ந்தே இதைப் பழகினர். சேறு பூசிக்கொள்ளாமல் தேறியவர் யார்?

இவ்வேலையே நாளடைவில் விளையாட்டாயிற்று. கேரளத்தில் மரமடி, காளைப்பூட்டு என வழங்குபவை இவ்வகையின. துளுநாட்டுக் கம்பளத்திலோ இது அழகுக் கலையாகவே மலர்ந்தது. அதில் 'கனெ ஹலகெ' என்றொரு பிரிவு உண்டு. துளையிட்ட சிறு பலகைமேல் காலை ஊன்றி, எருமைகளின் பின்னே நீரோடிய களத்தில் வீரர் விரைவார். துளைகளின் வழியே நீர் பீறிட்டெழும். உயரே கட்டிய துணியை அந்நீர் நனைக்கவேண்டும். வேகம் மட்டும் போதாது. உடலின் பாரத்தை எந்நொடியில் எங்கே வைப்பது என்பதே வித்தை.

இவற்றோடு எத்தொடர்புமின்றி, 1965ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் நாளில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஷெர்மன் பாப்பன் என்பவர் தம் பெண்மக்களுக்காக இரு பனிச்சறுக்குக் கட்டைகளை ஒன்றாய்ப் பிணைத்தார். அவ்விளையாட்டுப் பொருளின் வழியில் வளர்ந்த பனிப்பலகைச் சறுக்கு 1998இல் நாகானோ ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. அதில் 'மெத்தட்' என்னும் வித்தையைக் காண்போர் வியப்பர். வீரர் வானில் எழுந்து, முழங்காலை மடக்கி, பலகையின் குதிகால் விளிம்பை முன்கையால் பற்றி, முதுகை வில்லாய் வளைப்பார். ஆயினும் அதைக் கற்பவர் முதலில் பழகுவது, நம் உழவர் அறிந்த முழங்கால் தளர்வையே. பனியில் விழுந்தால் வலி மிகுதி. சேறு சற்று இரக்கமுடையது!

2014 மே 7இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பால் சல்லிக்கட்டோடு இத்தகைய மாட்டுப் பந்தயங்களும் தடைபட்டன. சாட்டையடியால் மாடு படும் வேதனையை மறுப்பதற்கில்லை, அக்கவலை நியாயமானதே. தமிழகமும் கர்நாடகமும் 2017இல் சட்டத்தைத் திருத்தின. அத்திருத்தங்கள் செல்லுமென 2023 மே 18இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் பரம்பைப் பொறுத்தவரை சட்டம் தடுத்ததைவிடக் கரும்பும் டிராக்டரும் செய்ததே அதிகம். வயலில் நின்று பழகாத இளைஞர் போட்டியில் மட்டும் எவ்வாறு நிற்பார்?

மங்களூர், உடுப்பிப் பகுதிகளில் வாழும் தமிழன்பர்கள் குளிர்காலத்தில் ஒருமுறை கம்பளக் களத்துக்குச் செல்லலாம். கனெ ஹலகெ நடக்கும்போது எருமைகளைப் பார்க்க வேண்டாம். பலகைமேல் ஊன்றிய காலைப் பாருங்கள்.