காலமும் மரபும்: யூதர் கல்வி வரலாற்றில் ஒரு நோக்கு

காலத்தைப் போற்றுதல் தனிமனித ஒழுக்கமாகவே நமக்குப் பெரும்பாலும் போதிக்கப்பட்டு வந்துள்ளது. ஆனால், ஒரு சமுதாயத்தில் யாருக்கு எவ்வளவு ஓய்வு கிடைக்கின்றது, அவ்வோய்வு எதற்குப் பயன்படுகின்றது என வினவும்போது அது வரலாற்றுப் பிரச்சினையாகிவிடுகின்றது. மரபைக் கையளித்தலும் இவ்வினாக்களோடு பிணைந்ததே. இதனைத் தெளிவாகக் காட்டும் வரலாறுகளுள் யூதருடையது ஒன்று.

கி. பி. 70இல் உரோமப் படை எருசலேமை வீழ்த்திக் கோயிலைத் தீக்கிரையாக்கிற்று. கோயிலோடு பலிச்சடங்கு அற்றுப்போயிற்று. அதனை நம்பி வாழ்ந்த குருமாரின் செல்வாக்கும் சரிந்தது. முற்றுகையிடப்பட்ட நகரிலிருந்து யொகனான் பென் சக்காய் என்னும் ஆசான் சவப்பெட்டியிற் படுத்து வெளியேறினார் என்றும், யாவ்னே என்ற ஊரையும் அங்குள்ள அறிஞரையும் தமக்கு விட்டுவிடுமாறு உரோமத் தளபதியிடம் வேண்டினார் என்றும் தல்மூத் கூறும். கதை எவ்வாறாயினும், யாவ்னேயிற் கற்றோர் அவை கூடியமை வரலாறு. இடத்தை இழந்த மக்கள் காலத்தைப் பற்றிக்கொண்டனர். குறித்த நேரத்து வழிபாடும், ஓய்வுநாளும், இடையறாக் கற்றலும் பலிபீடத்தின் இடத்தைப் பெற்றன.

ஏறத்தாழக் கி. பி. 200இல் யூதா என்னும் தலைவர் வாய்மொழிச் சட்டங்களை ஆறு பகுதிகளாகத் தொகுத்தார். அத்தொகுப்பே மிஷ்னா. திரும்பத் திரும்பச் சொல்லுதல் என்ற பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது அப்பெயர். அதன் முதல் வினாவே காலம் பற்றியது: மாலையில் ஓதவேண்டிய மறைமொழியை எந்நேரந் தொடங்கி ஓதலாம்? அம்மறைமொழியோ, வீட்டிலிருக்கும்போதும் வழிநடக்கும்போதும் பிள்ளைகளுக்குக் கற்பிக்குமாறு பணிக்கின்றது. நேரத்தைக் காத்தலும் தலைமுறைக்குக் கையளித்தலும் இங்கு ஒரே கடமையின் இரு கூறுகளாகின்றன.

ஓய்வுநாட் கட்டளையும் நாம் ஊன்றி நோக்கத்தக்கது. எகிப்தில் அடிமைகளாயிருந்ததை நினைந்து, வேலைக்காரனுக்கும் வேலைக்காரிக்கும் அந்நியனுக்கும் எருதுக்கும் கழுதைக்குங்கூட ஓய்வளிக்குமாறு உபாகமம் விதிக்கின்றது. அடிமைமுறையை அக்கட்டளை ஒழித்துவிடவில்லை. எனினும், ஏழில் ஒரு நாளின்மீது எசமானனுக்கு அதிகாரமில்லை என்ற எண்ணம் உழைப்பின் வரலாற்றிற் சிறியதன்று.

ஆயினும் ஓய்வு கிடைத்தோர் எல்லோருக்கும் கல்விக்கூடத்தின் கதவு திறந்திருந்ததா? தல்மூத் தரும் கதையொன்று இதற்கு விடை கூறுகின்றது. யாவ்னே அவையின் தலைவரான கமாலியேல், உள்ளமும் புறத்தோற்றமும் ஒவ்வாத மாணாக்கர் நுழையலாகாதென விதித்து, வாயிலிற் காவலனை நிறுத்தியிருந்தார். இரவு வழிபாடு கட்டாயமா அன்றா என்ற விவாதத்தில் யோசுவா என்னும் அறிஞரை அவர் அவைமுன் நிற்கவைத்து அவமதித்தார். கூடியிருந்தோர் வெகுண்டு தலைவரைப் பதவியிலிருந்து இறக்கினர். அன்றே காவலன் அகற்றப்பட்டான். புதிதாக வந்தோருக்கு நானூறு வாங்குகள் இடப்பட்டன என்பர் ஒருசாரார். எழுநூறு என்பர் மற்றொருசாரார். பின்னர் மன்னிப்புக் கோரி யோசுவாவின் வீட்டிற்குச் சென்ற கமாலியேல், கரிபடிந்த சுவர்களைக் கண்டே அவர் உடலுழைத்து உண்பவர் என அறிந்தார். கற்றோர் எவ்வாறு வயிறு வளர்க்கின்றனர் என்பதறியாத தலைவனைப் பெற்ற தலைமுறை இரங்கத்தக்கது என யோசுவா இடித்துரைத்தார்.

இக்கதையைப் பாதுகாத்து வைத்தவர்களும் அக்கல்விமான்களே என்பது கவனிக்கத்தக்கது. ஊர்தோறும் ஆசிரியரை அமர்த்தி, ஆறேழு வயதுப் பிள்ளைகளைச் சேர்க்கும் ஏற்பாட்டை யோசுவா பென் கம்லா என்ற குருவின் பணியாகத் தல்மூத் போற்றுகின்றது. ஓராசிரியருக்கு 25 பிள்ளைகள் என்ற அளவையும் அது வகுத்துள்ளது. வகுப்பறையில் நிற்கும் நமக்கு அவ்வெண்ணின் அருமை நன்கு விளங்கும்.

ஆனால், வேறொரு வாயிலிற் காவலன் நெடுங்காலம் நின்றான். நேரத்தோடு கட்டுண்ட விதிகள் பலவற்றிலிருந்து பெண்கள் விலக்களிக்கப்பட்டனர். மறைநூற் கல்விக் கடமையும் அவர்களைச் சார்ந்ததன்று எனப்பட்டது. சலுகைபோலத் தோன்றியது நடைமுறையில் விலக்கமாயிற்று. 1917இல் போலந்தின் கிராக்கோ நகரில் சாரா ஷெனிரர் என்னும் தையற்காரி பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியபோதே வைதிக சமூகத்தில் இந்நிலை பெருமளவில் அசையலாயிற்று.

1923இல் வியன்னா மாநாட்டில் மெயிர் ஷப்பீரோ என்ற குரு புதுத் திட்டமொன்றை முன்வைத்தார்: உலகெங்குமுள்ள யூதர் நாளொன்றுக்குத் தல்மூதின் ஒரே தாளைக் கற்கவேண்டும். இன்றைய கணக்கில் 2,711 தாள்கள். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஏழரை ஆண்டுகள். 1520க்கும் 1523க்கும் இடையில் வெனிசில் பொம்பர்க் என்ற கிறித்தவ அச்சகத்தார் முழுத் தல்மூதையும் அச்சிட்டு நிலைப்படுத்திய தாளமைப்பு இல்லையேல் இது இயன்றிராது. நடுவில் மூலமும் இருமருங்கிலும் பிற்கால உரைகளுமாகப் பல நூற்றாண்டுகள் ஒரே பக்கத்தில் வாதிடுகின்றன. கடைக்காரனும் தொழிலாளியும் வேலைக்குப் போகுமுன் ஒரு மணி நேரத்தை ஒதுக்கி அவ்வாதத்திற் கலந்துகொள்ள இத்திட்டம் வழிசெய்தது. 2020 சனவரியில் ஒரு சுற்று நிறைவெய்தியபோது, எருசலேமில் ஆயிரக்கணக்கான பெண்கள் கூடி அதனைத் தாமே கொண்டாடினர்.

மரபு தானாக வாழ்வதில்லை. ஒவ்வொரு தலைமுறையும் தன் உழைப்பு நேரத்தின் ஒரு பகுதியை அதற்கு ஈந்தே வாழவைக்கின்றது. ஆதலின், மரபைக் காக்க விழைவோர் பழம்பெருமை பேசுமுன், உழைக்கும் மக்களுக்குக் கற்கும் நேரம் உண்டா, வாயிலில் இன்னும் காவலன் நிற்கின்றானா எனக் கேட்டல் வேண்டும்.