தண்ணீர் அருகில் வந்தபோது: க்ரூகர் பூங்காவில் பெருவிலங்குகளின் வாழிட மாற்றம்

தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்கா 1898-இல் சாபி காப்பகமாகத் தொடங்கி, 1926-இல் தேசியப் பூங்காவானது. ஏறத்தாழ 20,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தச் சவன்னாவில் எந்த விலங்கு எங்கே மேயும் என்பதை மண்ணும் மழையும் மட்டும் முடிவு செய்ததில்லை. தண்ணீர் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதும் முடிவு செய்தது. அந்தத் தொலைவை மனிதர் குறைத்ததே பூங்காவின் வாழிட வரலாற்றில் பெரிய திருப்பம் என இக்கட்டுரை கருதுகிறது.

வறண்ட பருவத்தில் குட்டைகள் வற்றியதும் வரிக்குதிரையும் வில்டபீஸ்டும் வற்றாத ஆறுகளை ஒட்டி ஒதுங்கின. அவை எட்டாத உட்புறச் சமவெளிகளில் புல் உயரமாக நின்றது. 1930-களின் வறட்சி இந்த ஒழுங்கைக் கலைத்தது. தாகத்தில் விலங்குகள் சாகக் கூடாது என்ற கரிசனத்தில் 1933 முதல் ஆழ்துளைக் கிணறுகள் தோண்டப்பட்டன. காற்றாலைகள் தொட்டிகளை நிரப்பின. மேற்கு எல்லை வேலி 1961-இல் முடிந்து பழைய வலசைப் பாதைகள் அடைபட்டபின், கிணறுகள் இன்னும் அவசியமாகத் தோன்றின. காலப்போக்கில் அவை 300-ஐத் தாண்டின.

அதன் விலையை அதிகம் கொடுத்தது ரோன் மான். வடக்கே கரிசல் சமவெளியில் வாழும் அரிய இனம் இது. ஈன்ற தாய் கன்றை உயரமான புல்லுக்குள் படுக்கவைத்துவிட்டு மேயப் போகும். பாலூட்ட மட்டும் திரும்பி வரும். முதல் சில வாரங்களுக்குக் கன்றுக்கு அந்தப் புல்தான் காவல். தொட்டிகளை நம்பி வரிக்குதிரைகள் அங்கேயே தங்கிவிட, புல் குட்டையானது. வரிக்குதிரைகளைத் தேடிச் சிங்கங்களும் வந்தன. 1980-களிலும் 1990-களின் தொடக்கத்திலும் வந்த வறட்சிகள் நிலைமையை முற்றவைத்தன. 1986-இல் சுமார் 450 ஆக இருந்த ரோன் மான்கள் 1993-இல் சுமார் 45 ஆயின. 1967-இல் அமைத்த வேலியடைப்புக்குள், சிங்கம் நுழைய முடியாத இடத்தில், இதே இனம் பெருகியது. வறட்சி ஒன்றையே காரணமாகக் காட்டுவது போதாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

யானைகளின் கதை வேறு. வேட்டையால் அற்றுப்போகும் நிலையிலிருந்து மீண்ட அவற்றை 7,000 அளவில் நிறுத்த 1967 முதல் 1994 வரை சுட்டுக் குறைத்தார்கள். தண்ணீரைப் பெருக்கிவிட்டு, அதைக் குடித்துப் பெருகிய விலங்கைச் சுட்டது வேதனையான முரண். கன்றுகளுடன் திரியும் பெண் யானைக் கூட்டங்கள் வறண்ட பருவத்தில் நீர்நிலையை விட்டு வெகுதூரம் போவதில்லை. தொட்டி இருக்கும் இடமெல்லாம் சுற்றிலும் மரங்கள் முறிபடுகின்றன.

1990-களில் கொள்கை மாறியது. கிணறுகளில் பாதிக்கு மேல் படிப்படியாக மூடப்பட்டன. வடக்குச் சமவெளியில் வரிக்குதிரைகள் குறைந்தன. ரோன் மான்களோ எதிர்பார்த்தபடி பெருகவில்லை. அவ்வளவு சிறிய எண்ணிக்கைக்கு இறங்கிய இனத்தை ஒன்றிரண்டு கன்றுகளின் இழப்புகூடப் பின்னுக்கு இழுத்துவிடும். 1993 முதல் மேற்கு வேலியின் சில பகுதிகளும் அகற்றப்பட்டன. ஆனால் வேலிக்கு அப்பாலுள்ள தனியார் காப்பகங்களில் சுற்றுலாவுக்கான நீர்த்தொட்டிகள் இன்னும் நெருக்கமாகவே இருக்கின்றன. பூங்கா கிணற்றை மூடினாலும், வேலி நீங்கிய பக்கத்தில் விலங்குக்குத் தண்ணீர் ஒரு நாள் நடைக்குள்தான்.