வாளியில் தொடங்கிய வேட்டை

ஒருவர் காட்டிலோ மலையிலோ ஒளித்து வைத்த பெட்டியை, இணையத்தில் அவர் வெளியிட்ட அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கொண்டு முன்பின் தெரியாத இன்னொருவர் தேடிப்போகும் விளையாட்டு ஜியோகேஷிங். இதற்கு ஒரு மூதாதை உண்டு. 1854இல் இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, எளிதில் போய்ச்சேர முடியாத கிரான்மியர் குளத்தருகே ஒரு கண்ணாடிப் புட்டியை வைத்தார். அந்தக் குளம் வரை நடந்துவந்தவர்கள் தங்கள் பெயர் அட்டையை அதில் போட்டுவிட்டுப் போனார்கள். அந்த வழக்கம் ‘லெட்டர்பாக்ஸிங்’ என்ற பெயரில் அங்கே நிலைத்தது. ஆனால் குளத்துக்கு வழி தெரிந்தவர்கள் அந்த வட்டாரத்தாரும் அவர்களைக் கேட்டுப் போனவர்களும்தான்.

வழி கேட்கும் தேவையை ஒழித்தது ஜி.பி.எஸ். அதுவும் உடனே அல்ல. செயற்கைக்கோள் சமிக்ஞையில் அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வந்ததால், பொதுமக்களின் கருவிகள் நூறு மீட்டர் வரை தப்பாகக் காட்டின. கடலில் படகோட்டுபவருக்கு அது பெரிய குறையில்லை. காட்டில் ஒரு மரத்தடியைத் தேடுபவருக்கு அந்தக் கருவி இருந்தும் பயனில்லை. அதிபர் பில் கிளிண்டனின் உத்தரவுப்படி 2000 மே 1ஆம் தேதி நள்ளிரவில் அந்தக் கலப்படம் நிறுத்தப்பட்டது. எவரும் புதிதாக எதையும் வாங்கவில்லை. ஆனாலும் பழைய கருவிகள் அன்றிரவே ஏறக்குறைய பத்து மடங்கு துல்லியமாயின.

மே 3ஆம் தேதி, கணினித் துறையைச் சேர்ந்த டேவ் அல்மர், ஆரிகன் மாநிலத்தின் பீவர்கிரீக் அருகே காட்டில் ஒரு கறுப்பு வாளியைப் பாதி புதைத்து வைத்தார். உள்ளே புத்தகம், மென்பொருள், உண்டிவில், ஒரு டப்பா அவரை, குறிப்பேடு, பென்சில். இடத்தின் எண்களை ஜி.பி.எஸ். ஆர்வலர்கள் கூடும் இணையக் குழுவில் அறிவித்தார். நிபந்தனை எளியது: ஒன்றை எடுத்தால் ஒன்றை வை, குறிப்பேட்டில் எழுது. மூன்றே நாளில் இருவர் கண்டுபிடித்துவிட்டார்கள். வாளியும் குறிப்பேடும் பெரட் காலத்துச் சரக்குதான். அறிமுகமே இல்லாதவர் மூன்று நாளில் அந்த இடத்தில் நின்றதுதான் புதுமை.

முதலில் கண்டவரான மைக் டீக், மற்றவர்கள் வைத்த பெட்டிகளின் இருப்பிடங்களையும் தன் சொந்த இணையப் பக்கத்தில் தொகுக்கத் தொடங்கினார். சியாட்டிலின் ஜெரமி ஐரிஷ் அந்தப் பட்டியலை விரிவாக்கி, செப்டம்பர் 2ஆம் தேதி தனித் தளமாகத் திறந்தபோது உலகிலிருந்த மொத்தப் பெட்டிகள் 75. கிளம்புமுன் பெட்டியின் குறிப்பைப் படிப்பது, திரும்பியதும் பாதையின் நிலையை அடுத்தவருக்காக எழுதுவது என்ற ஒழுங்கு அந்தத் தளத்தில்தான் உருவானது. ஆளரவமற்ற இடங்களுக்கு அது நாள்தோறும் திருத்தப்படும் வழிகாட்டி நூலாகவே பயன்பட்டது.

கூட்டம் பெருகியதும் சுமை நிலத்தின்மேல் விழுந்தது. செடிகள் மிதிபட்டன, மண் தோண்டப்பட்டது. நகரங்களில் கேட்பாரற்ற டப்பாக்களைக் கண்டு வெடிகுண்டு நிபுணர்களை அழைத்ததும் உண்டு. எனவே பெட்டியைப் புதைக்கக் கூடாது என்று விதி வந்தது. அல்மரின் வாளியே அந்த விதிப்படி தேறியிருக்காது! இரு பெட்டிகளுக்கு இடையே குறைந்தது 161 மீட்டர் வேண்டும் என்றும், புதிய பெட்டியைத் தன்னார்வலர் ஒருவர் சரிபார்த்த பிறகே வெளியிட வேண்டும் என்றும் தளம் வகுத்தது. அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை தன் நிலங்களில் பெட்டி வைப்பதைத் தடுத்தது. இதற்கு நல்ல மாற்று, 2004இல் அமெரிக்க நிலவியல் சங்கம் தொடங்கிய ‘எர்த்கேஷ்’. அதில் பெட்டியே இல்லை. பாறையையோ அருவியையோ நேரில் பார்த்து, அதைப் பற்றிய கேள்விக்குப் பதில் அனுப்ப வேண்டும்.

கைப்பேசிக்குள் ஜி.பி.எஸ். வந்தபின் தனிக்கருவி தேவைப்படவில்லை. 2010இல் பத்து லட்சமாக இருந்த பெட்டிகள் 2017இல் முப்பது லட்சமாயின. பெட்டிகளோ சிறுத்தன. நகரத்துப் பெட்டிகளில் பல இன்று காந்தத்தால் கம்பியில் ஒட்டிக்கொள்ளும் விரலளவு டப்பாக்கள். எடுக்கவும் வைக்கவும் அவற்றில் பொருள் எதுவும் கிடையாது, கையெழுத்துப் போடச் சுருட்டிய தாள் மட்டும்தான்.