இரு திரை, ஒரு மேசை

மெய்ப்புத் திருத்துவோரிடையே ஒரு பழைய வழக்கம் உண்டு. ஒருவர் மூலத்தை உரக்க வாசிப்பார். மற்றவர் அச்சுப்படியில் கண்ணை ஓட்டுவார். ஆள் துணை அரிதாகிவிட்ட இந்நாளில் அந்தப் பணியை நாம் இரண்டு திரைகளிடம் ஒப்படைத்திருக்கிறோம். இடப்பக்கத்தில் பழம்பதிப்பின் ஸ்கேன் செய்த பக்கம். வலப்பக்கத்தில் நாம் தட்டச்சு செய்த படி. இந்த எளிய வசதிக்குப் பின்னால் நீண்டதொரு வரலாறு இருக்கிறது. அந்த வரலாறு பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றியே நடந்திருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. அருகருகே வைத்த இரு திரைகள் ஒரே மேசையா, இரண்டு மேசைகளா?

மேசைக் கணினி பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே இந்தக் காட்சியைக் கற்பனை செய்தவர் வானிவர் புஷ். போர்க்கால அமெரிக்காவின் அறிவியல் ஆய்வுப் பணிகளுக்குத் தலைமை தாங்கிய அவர், 1945 ஜூலையில் 'அட்லாண்டிக் மந்த்லி' இதழில் 'மெமெக்ஸ்' என்றொரு மேசையை விவரித்தார். நுண்படச் சுருள்களில் நூல்கள். மேசையின் மேல் சாய்வாக, ஒளி ஊடுருவும் திரைகள். வாசிப்பவர் இரு பக்கங்களை அருகருகே வரவழைத்து ஒன்றோடொன்று பிணைத்து வைக்கலாம். மெமெக்ஸ் ஒருபோதும் செய்யப்படவில்லை. மீயுரையின் முன்னோடி என்று அதைக் கொண்டாடுகிறவர்கள், அந்த மேசையில் இருந்தது ஒற்றைத் திரை அல்ல என்பதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

1981இல் வெளிவந்த ஐ.பி.எம். தனிக்கணினி இரண்டு மேசைகள் என்ற கட்சியைச் சேர்ந்தது. அதற்கு இருவகைத் திரை அட்டைகள் விற்கப்பட்டன. எம்.டி.ஏ. என்ற ஒற்றை நிற அட்டை எழுத்தை மட்டும் காட்டும். ஆனால் தெளிவாகக் காட்டும். சி.ஜி.ஏ. என்ற வண்ண அட்டை படம் வரையும். எழுத்தோ கரடுமுரடாக இருக்கும். நினைவகத்தில் இவை குடியிருந்த முகவரிகள் வெவ்வேறு என்பதால், இரண்டையும் ஒரே கணினியில் பொருத்த முடிந்தது. 'மோட் மோனோ' என்று தட்டினால் எழுத்துக்குறி ஒரு திரைக்குத் தாவும்; 'மோட் சிஓ80' என்றால் மறு திரைக்கு. லோட்டஸ் 1-2-3இல் கணக்கேட்டை ஒன்றிலும் வரைபடத்தை மற்றதிலும் வைத்துக்கொண்டார்கள். நிரலாளர்கள் வண்ணத் திரையில் நிரலை ஓடவிட்டு, அதன் பிழைகளை மற்றதில் தேடினார்கள்.

இவ்விடத்தில் நம்மைப் போன்ற மொழிக்காரர்கள் சற்று நின்று பார்க்கவேண்டிய பெயர் ஒன்று உண்டு: வான் சுவன்னுகுல். தம் முனைவர் பட்ட ஆய்வேட்டைத் தாய் மொழி எழுத்துகளுடன் ஐ.பி.எம். கணினியில் உருவாக்க விரும்பினார் அவர். (இங்கே 'தாய்' என்பது தாய்லாந்தின் மொழி; நம் சிலேடை ஆசைக்கு அவர் பொறுப்பல்லர்.) எம்.டி.ஏ. அட்டையின் 256 குறிகளும் தொழிற்சாலையிலேயே சில்லில் பதிக்கப்பட்டவை, மாற்ற வழியில்லை. தாய் எழுத்துக்கு அங்கே இடமில்லை, தமிழுக்கும் இல்லை. சி.ஜி.ஏ.வின் 200 வரிகளிலோ, மேலும் கீழும் குறிகளைச் சுமக்கும் அவ்வெழுத்தைத் தெளிவாக வரைய முடியாது. ஆகவே 1982இல் அவரே ஓர் அட்டையை வடிவமைத்தார். ஒற்றை நிறத் திரையில் 720க்கு 348 புள்ளிகளையும் தனித்தனியே ஒளிரச் செய்த ஹெர்குலிஸ் அட்டை அதுதான். பின்னர் உலகமெங்கும் கணக்குப் பிள்ளைகளும் வரைபடக்காரர்களும் வாங்கிப் பயன்படுத்திய கருவி, ஒரு மாணவர் தம் மொழியில் எழுத முடியாத தவிப்பிலிருந்து பிறந்தது. அந்த அட்டைக்கு இரண்டு நினைவகப் பக்கங்கள். இரண்டாவது பக்கம் சி.ஜி.ஏ.வின் முகவரியிலேயே குடியேறிவிடும் என்பதால், பாதியை விட்டுக்கொடுத்தால்தான் இரு அட்டைகளும் ஒரே கணினியில் வாழலாம். அதற்கென்றே 'பாதி' என்ற நிலை அதில் வைக்கப்பட்டிருந்தது.

ஒரே மேசை என்ற விடை 1987இல் வந்தது. ஆப்பிளின் மெக்கின்டாஷ் 2 கணினியில் அட்டைகளுக்கென 6 செருகிடங்கள் இருந்தன. ஒன்றுக்கு மேற்பட்ட திரை அட்டைகளை அவற்றில் பொருத்தலாம். அமைப்புப் பலகையில் திரைகள் சிறு பெட்டிகளாகத் தெரியும். மேசையில் அவை இருக்கும் வரிசைப்படி மவுஸால் இழுத்து வைத்துவிட்டால் போதும். சாளரம் ஒன்று பாதி வண்ணத் திரையிலும் பாதி சாம்பல் திரையிலுமாகத் தயக்கமின்றிப் படுத்துக்கொள்ளும்.

அதே ஆண்டு வெளியான எக்ஸ் 11 எதிர்த்திசையில் நின்றது. யூனிக்ஸ் கணினிகளுக்கான அந்தச் சாளர முறையில் மவுஸ் எல்லையைத் தாண்டும், சாளரம் தாண்டாது. டக்ளஸ் ஆடம்ஸ் நாவலில் வரும் இரட்டைத் தலையன் ஸாஃபோடின் பெயரை இதற்குச் சூட்டினார்கள். 1998இல் ஸினெராமா என்ற நீட்சி வந்த பிறகே அங்கும் திரைகள் ஒன்றாயின. விண்டோஸ் 98 வந்ததும் அவ்வாண்டுதான். 9 திரைகள் வரை ஏற்கும் என்றார்கள்.

ஒரே மேசை ஆனதும் புதிய தொல்லைகள் வந்தன. முதன்மைத் திரையின் இடப்புற மேல்மூலைதான் சுழியம். அதற்கு இடப்பக்கத்தில் இன்னொரு திரையை வைத்தால் அங்கே எண்கள் எதிர்மறையாகும். எதிர்மறை எண்ணைக் கனவிலும் காணாத பழைய மென்பொருள்கள் தடுமாறின. வேறு சில, தம் சாளரம் கடைசியாக எங்கே இருந்தது என்பதை உண்மையாக நினைவில் வைத்திருந்து, அந்தத் திரையையே கழற்றிவிட்ட பிறகும் அவ்விடத்திலேயே போய்த் திறந்தன. நம்முள் ஒருவர் ஒரு மாத உழைப்பு தொலைந்ததென்று ஓர் இரவு முழுதும் கலங்கியிருந்தார். கோப்பு பத்திரமாகத்தான் இருந்தது. சாளரம்தான் இல்லாத திரையில் திறந்திருந்தது. ஆல்ட் விசையுடன் இடைவெளி விசை, பிறகு எம், பிறகு ஓர் அம்புக்குறி, அதன் பின் மவுஸை அசைத்தால் சாளரம் கைக்கு வந்து சேரும். 2009இல் வந்த விண்டோஸ் 7, விண்டோஸ் விசையையும் ஷிஃப்ட் விசையையும் அம்புக்குறியோடு அழுத்தினால் சாளரம் அடுத்த திரைக்குத் தாவும்படி செய்தது. பணிப்பட்டை எல்லாத் திரைகளிலும் தெரிய 2012இன் விண்டோஸ் 8 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்தக் கதையின் விசித்திரம் 2013இல் நிகழ்ந்தது. ஒரே மேசையை நிலைநாட்டிய ஆப்பிளே, ஓ.எஸ். எக்ஸ் மாவெரிக்ஸில் ஒவ்வொரு திரையையும் தனித்தனி வெளியாக்கியது. ஒவ்வொன்றுக்கும் தனிப் பட்டிப்பட்டை கிடைத்தது. ஆனால் இரு திரைகளில் சாளரத்தைப் பரப்பினால் ஒன்றில் மட்டுமே தெரியும். பலருக்கு அது வசதிதான் என்பதை மறுக்கவில்லை. நாம் அமைப்புகளில் அந்தக் குறியை நீக்கிவிட்டு, வெளியேறி மீண்டும் நுழைந்தோம். காரணம், ஓலைச்சுவடி. ஓலையின் ஒரு வரியைப் படிக்கத்தக்க அளவுக்குப் பெரிதாக்கினால் எந்த ஒற்றைத் திரையும் அதற்குப் போதாது. இப்போது ஓலை இரு திரைகளிலும் நீண்டு கிடக்கிறது. நடுவே இரு சட்டங்கள் சந்திக்கும் இடத்தில் கொம்பு ஒரு திரையிலும் அதற்குரிய எழுத்து மறு திரையிலுமாக நிற்கும்போது, படத்தை விரலளவு நகர்த்திக்கொள்கிறோம்.