தளமிடல் (சீகிரியா)

தளமிடல் என்பது நிலத்தையோ பாறையையோ மட்டம் செய்து, இறுக்கி, அதன்மேல் கால் படும் பரப்பை அமைக்கும் தொழில். மெழுகுதல், பூசுதல், பாவுதல், ஒட்டுதல் என இது நால்வகைப்படும். இலங்கையின் மாத்தளை மாவட்டத்தில் தம்புள்ளைக்கு வடகிழக்கே உள்ள சீகிரியா, இத்தொழிலின் மிகச் சிறந்த பழஞ்சான்றுகளைக் கொண்ட ஊர்.

தொல்காலத் தளங்கள்

தாதுசேனனின் மகன் முதலாம் காசியப்பன் (477–495) அநுராதபுரத்தை நீங்கி இங்கே அரண்மனை எழுப்பினான். அவனுடைய மேசன்மார் எதிர்கொண்ட முதற்சிக்கல் பாறையின் வழுவழுப்பு. சரிவான கல்லில் செங்கலை நேரே வைத்தால் நிற்காது. ஆகவே உளியால் பாறையில் படிபோன்ற வெட்டுகளை வரிவரியாகச் செதுக்கி, அவற்றில் அடிவரிசைச் செங்கல்லை அமர்த்தினார்கள். செங்கல் உதிர்ந்துபோன இடங்களில் இவ்வெட்டுகள் மட்டும் எஞ்சியிருக்கின்றன. பாறைப் பூங்காவின் உருண்டைக் கற்களில் இவற்றைப் பார்ப்பவர் ஏறுபடி என்று எண்ணக்கூடும். அவை சுவரின் இருக்கைகள். சீகிரியாவின் பாறை ஓவியங்களுக்குக் கிடைத்த புகழில் ஒரு பங்காவது இவ்வெட்டுகளுக்கும் கிடைத்திருக்க வேண்டும்.

தரை வேலையின் உச்சம் மேற்குப் புறத்துச் சிற்றளவு நீர்ப்பூங்காவில் உள்ளது. இங்கே கூழாங்கல்லும் சலவைக்கல்லும் பாவிய தளங்களின்மேல் ஆழமில்லாத நீர் மெல்ல ஓடும்படி அமைத்திருந்தார்கள். மாத்தளை, கண்டிப் பகுதிகளில் சலவைக்கல் இயற்கையாகவே கிடைக்கிறது. நீர் தேங்காமலும் விரையாமலும் செல்ல, தளத்தின் வாட்டம் நுட்பமாக இருந்தாக வேண்டும். 1982இல் தொடங்கிய பண்பாட்டு முக்கோணத் திட்ட அகழாய்வு, சேனக்க பண்டாரநாயக்கவின் தலைமையில் இப்பூங்காவை வெளிக்கொணர்ந்தது. அதற்கு முன், 1894 முதல் எச்.சி.பி. பெல் நடத்திய பணி உச்சிப் பகுதியையும் ஏறுவழியையும் துலக்கியிருந்தது.

பூச்சு வேலையின் படைமுறை, தரையில் அல்லாவிட்டாலும், அந்த ஓவியங்கள் தீட்டிய பாறைச் சுவரில் தெளிவாகத் தெரிகிறது. அடியில் நெல் உமியும் தென்னை நாரும் கலந்த களிமண் படை. அதன்மேல் சுண்ணாம்பும் மணலும் சேர்ந்த படை. மேலே மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு. உமியும் நாரும் களிமண் காயும்போது வெடிக்காமல் பிடித்துக்கொள்ளும். கண்ணாடிச் சுவர் என்னும் செங்கற்சுவரும் சுண்ணாம்புக் காரை பூசி மெருகேற்றப்பட்டதே. அக்காரையில் முட்டை வெண்கருவும் தேனும் கலந்ததாகச் சொல்வது உள்ளூர் வழக்கு. செட்டிநாட்டு முட்டைச் சாந்தை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இராது. பிற்காலத்தார் இச்சுவரில் கீறிய பாடல்களில் 685ஐச் செனரத் பரணவிதான 1956இல் பதிப்பித்தார். எழுத்து இன்றும் நிற்பது பூச்சின் உறுதியால்.

வீட்டுத் தரைகள்

இப்பகுதிக் கிராமத்து மண்வீடுகளின் தரை, புற்றுமண்ணைக் குழைத்து இடித்து இறுக்கி, சாணத்தால் மெழுகப்பட்டது. மெழுகல் தேயும், தேயத் தேயப் புதுக்க வேண்டும். அந்த உழைப்பு பெரும்பாலும் பெண்களுடையது. காங்கேசன்துறைத் தொழிற்சாலை 1950இல் உற்பத்தியைத் தொடங்கியபின் உள்நாட்டுச் சீமெந்து கிடைத்தது; சிவப்புச் சாயமிட்டு, மெழுகு பூசி, தேங்காய்ப் பொச்சால் தேய்த்துப் பளபளக்க வைத்த தரை நடுத்தர வீட்டின் பெருமையாயிற்று.

வினைல் ஓடு இவற்றுள் இளையது. 1926இல் அமெரிக்கரான வால்டோ செமன் பி.வி.சி.யை வளையக்கூடியதாக்கினார், 1933 சிகாகோ கண்காட்சியில் வினைல் தரை காட்டப்பட்டது. ஓடு மெல்லியது என்பதால் அடியிலுள்ள ஒரு மணல்துகளும் நாளடைவில் மேலே புடைத்துக் காட்டும். ஆகவே வேலையின் பெரும்பகுதி ஒட்டுவதற்கு முன்பே முடிகிறது. வெடிப்பையும் பள்ளத்தையும் நிரப்பி மட்டம் பார்க்க வேண்டும். பழைய சிவப்புத் தரையானால் அதன் மெழுகை முற்றாக நீக்காவிட்டால் பசை பிடிக்காது. ஈரத்தை அறிய, ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீனை நான்கு ஓரமும் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பார்ப்பார்கள். உட்புறம் வியர்த்திருந்தால் தரை இன்னும் காயவில்லை. ஐப்பசி முதல் தை வரை மழை பெய்யும் இவ்வட்டாரத்தில் சித்திரைக்குப் பிந்திய வறண்ட மாதங்களே இவ்வேலைக்கு உகந்தவை. ஓட்டுப் பெட்டிகளை இரண்டு நாள் அதே அறையில் வைத்து, அறையின் வெப்பத்துக்குப் பழக்க வேண்டும். பின்பு எதிர்ச்சுவர்களின் நடுப்புள்ளிகளை இணைத்துச் சுண்ணாம்பு நூலால் இரு கோடுகள் அடித்து, அவை வெட்டும் இடத்திலிருந்து வெளிநோக்கி ஓடு பதிப்பது முறை. சுவரோரம் அரை ஓட்டுக்கும் குறைந்த துண்டு விழுமானால் கோட்டை நகர்த்துவார்கள். பல்வெட்டுக் கரண்டியால் இழுத்த பசை விரலில் ஒட்டாமல் பிசுபிசுக்கும் பதத்தில் ஓட்டை வைத்து, உருளையால் அழுத்த வேண்டும். ஒன்பது அங்குலச் சதுரப் பழைய ஓடுகளில் கல்நார் இருக்கக்கூடும். அவற்றைத் தேய்க்கவோ சுரண்டவோ கூடாது.

இன்று இவ்வட்டார வீடுகளில் பீங்கான் ஓடு பரவலாக உள்ளது. பழைய தரையை உடைக்க விரும்பாதவர் வினைலை நாடுகின்றனர்.