மருத்துவமனையில் சமூகப் பணி: தோற்றமும் பயனும்

நோயாளியின் வருவாய், தொழில், குடும்பச் சூழல் ஆகியவை சிகிச்சையின் பலனைப் பாதிக்கின்றன. இவற்றைக் கண்டறிந்து உரிய உதவியைப் பெற்றுத் தருவதே மருத்துவச் சமூகப் பணி ஆகும்.

தோற்றம்

லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் 1895-இல் மேரி ஸ்டூவர்ட் பணியமர்த்தப்பட்டார். இலவச சிகிச்சைக்குத் தகுதியுடையோரைக் கண்டறிவதே அவருக்கு முதலில் அளிக்கப்பட்ட பொறுப்பு.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் இப்பணி 1905-இல் தொடங்கியது. அக்காலத்தில் காசநோய்க்கு ஓய்வு, சத்துணவு, தூய காற்று ஆகியவையே பரிந்துரைக்கப்பட்டன. அன்றாடக் கூலியை இழக்க இயலாதவருக்கு ஓய்வைப் பரிந்துரைப்பதால் பயனில்லை என்பதை டாக்டர் ரிச்சர்ட் கேபட் உணர்ந்தார். எனவே, செவிலியர் கார்னெட் பெல்டனைப் புறநோயாளிகள் பிரிவில் நியமித்தார். மருத்துவமனை நிர்வாகம் தொடக்கத்தில் இதற்கு ஊதியம் வழங்கவில்லை. சில மாதங்களில் பெல்டனும் காசநோய்க்கு ஆளானார். அவருக்குப் பின் பொறுப்பேற்ற ஐடா கேனன் 1945 வரை பணியாற்றி, இத்துறைக்கு நிலையான வடிவம் அளித்தார்.

இந்தியாவில் 1946-இல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் மருத்துவச் சமூகப் பணியாளர் நியமிக்கப்பட்டார்.

நீங்கள் செய்ய வேண்டியவை

மருந்துச் செலவு, பயணச் செலவு, வேலையிழப்பு போன்ற இடர்ப்பாடுகளை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். சிகிச்சையைப் பாதியில் நிறுத்தும் முன், மருத்துவமனையின் சமூகப் பணியாளரைச் சந்தியுங்கள். காசநோய்க்குச் சிகிச்சை பெறுபவராயின், நிக்ஷய் போஷண் திட்டத்தின்கீழ் வழங்கப்படும் ஊட்டச்சத்து நிதியுதவி குறித்துத் தவறாமல் கேட்டறியுங்கள்.