லாகூரில் போட்ட பணம்

டெல்லியில் எங்கள் காலனியில் பாதிப்பேர் பஞ்சாபிகள். தாத்தா லாகூரை விட்டு 1947-ல் ஓடி வந்த கதை பல வீடுகளில் உண்டு. வங்கிக்காரனான எனக்குத் தோன்றிய கேள்வி வேறு: அவர்கள் அங்கே வங்கியில் போட்டிருந்த பணம் என்ன ஆச்சு?

பஞ்சாப் நேஷனல் பாங்க் முதலில் கதவைத் திறந்ததே லாகூரில்தான், 1895-ல், அனார்கலியில். 1947 மார்ச்சிலேயே தலைமையகத்தை டெல்லிக்கு மாற்ற முடிவெடுத்து, ஜூன் 20-ல் லாகூர் ஹைகோர்ட் அனுமதியும் வாங்கிவிட்டார்கள். தலைமையகம் தப்பித்தது. ஆனால் மேற்கு பாகிஸ்தானில் 92 கிளைகளை மூட வேண்டியதாயிற்று. மொத்த டெபாசிட்டில் 40 சதவீதம் அந்தக் கிளைகளில்! சாதாரண அடியா இது?

உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்களில் எத்தனை பேரிடம் பாஸ்புக் இருந்திருக்கும்? என்ன அத்தாட்சி காட்ட முடிந்ததோ, அதை வைத்தே பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். இன்று ஒரு இனிஷியல் மாறினாலே நாங்கள் வாடிக்கையாளரை மூன்று தடவை அலைய விடுகிறோம். (ஊர் விட்டு ஊர் வந்த உங்களுக்கு முகவரிச் சான்று படுத்தும் பாடு தெரியாதா என்ன!)

இதைத் தானம் என்று சொல்ல மாட்டேன். டெபாசிட் என்பது வங்கி பட்ட கடன். ஆனால் கைவிரிக்க நல்ல சாக்கு இருந்தும் கைவிரிக்கவில்லை. வியாபாரக் கணக்கும் இருந்திருக்கும், அதனால் என்ன?

கணக்கே இல்லாத கூலிக்காரருக்கு இதில் ஒன்றுமில்லை. 1948-ல் அரசு அமைத்த புனர்வாழ்வு நிதி நிர்வாகமும் கடை, தொழில் வைப்பவருக்குத்தான் கடன் கொடுத்தது. மற்றவர்கள் குருக்ஷேத்திரம் போன்ற முகாம்களில் ரேஷனுக்கு வரிசையில் நின்றார்கள்.